கேரவனில் நீலகிரி: ஏறுவதற்கு முன்பே இறங்குவதை யோசியுங்கள்

நீலகிரிக்குக் கேரவன் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறோம், எங்கே தங்கலாம், என்னென்ன பார்க்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வழியாக இறங்கப்போகிறீர்கள்? ஏறும்போது வண்டி திணறும், சூடேறும், கிளட்ச் வாசம் வரும், மிஞ்சிப்போனால் நின்றுவிடும். நின்ற வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஒரு டீ குடிக்கலாம். இறங்கும்போது நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். அதனால் வழி, எடை, தங்கும் இடம், காலையில் கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் இறக்கத்தை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் ஈரோடு. நான், மனைவி, மகள், அம்மா என நான்கு பேர், மூன்று முறை கேரவனில் நீலகிரி சுற்றியிருக்கிறோம். முதல் முறை செய்த தவறுகளை மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டியும் அதன் காகிதங்களும்

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். அந்த அளவு மலைக்கு வேண்டாம். டெம்போ டிராவலர் அளவில் உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சிறிய அடுப்படி, ஒரு கழிப்பறை வைத்த வண்டி போதும். ஐந்தரை, ஆறு மீட்டர் நீளத்துக்கு மேல் போனால் கொண்டை ஊசி வளைவில் எதிர்த்தடத்தையும் சேர்த்துப் பிடித்துத்தான் திரும்ப வேண்டி வரும், எதிரே பஸ் வந்தால் இருவருக்கும் சிரமம்.

சொந்த வேனைக் கேரவனாக மாற்ற நினைப்பவர்கள் தச்சரைக் கூப்பிடும் முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்று ஒரு தரநிலையும் இருக்கிறது. இதையெல்லாம் கவனிக்காமல் பிளைவுட் அடித்துக் கட்டில் போட்டுவிட்டால், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கை வைப்பது அதில்தான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் டிரைவரிடம் நேரில் பேசுங்கள். மலையில் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார், எந்தெந்தப் பாதையில் என்று விசாரியுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: அவர் ராத்திரி எங்கே தூங்குவார்? நாம் உள்ளே கம்பளி போர்த்திப் படுத்துக்கொள்ள, அவர் முன் சீட்டில் குளிரில் சுருண்டு கிடந்துவிட்டு மறுநாள் இறக்கத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது யாருக்குமே நல்லதில்லை. தங்கும் இடத்தில் அவருக்கு ஓர் அறை கேட்டு வாங்குங்கள், அந்தச் செலவைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸை மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் போவதாக இருந்தால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் கேரவனோடு மே மாதம் போகவே வேண்டாம் என்பேன். பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிவாக இருக்கும், பாதையும் காலியாக இருக்கும்.

எடை, எடை, எடை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை ஈரோட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பினால், இரண்டு பெரிய ஆட்களைக் கூரைமேல் உட்காரவைத்து மலையேற்றுவதற்குச் சமம். இதோடு இன்வெர்ட்டர் பேட்டரி, அடுப்பு, அரிசி மூட்டை, அம்மாவின் சாமான்கள் எல்லாம் சேர்ந்து வண்டியின் அனுமதித்த மொத்த எடையைத் தாண்டிவிடுவது ரொம்ப சுலபம். அந்த எடை பதிவுச் சான்றிதழிலேயே இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த பிறகு, மேட்டுப்பாளையத்தில் ஓர் எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பாருங்கள். உருளைக்கிழங்கு மண்டி ஊர் அது, எடை மேடைக்குப் பஞ்சமில்லை. எடை கூடினால் அங்கேயே சாமான் இறக்குங்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசி மட்டும் நிரப்பி ஏறி, தங்கும் இடத்தில் கேட்டு நிரப்பிக்கொள்வதுதான் நாங்கள் செய்வது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மலையிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கும், லாரித் தண்ணீர் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. முன்கூட்டியே கேளுங்கள், காசு கொடுங்கள். குடிநீருக்கு எவர்சில்வர் குடமும் ஸ்டீல் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கோடு, கடையில் வாங்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை உண்டு, செக்போஸ்ட்டில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள். வழியில் குடிநீர் ஏடிஎம் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், சில்லறை நாணயம் கையில் வைத்திருங்கள்.

கனமான சாமான் எல்லாம் கீழே, நடுவில். மேல் அலமாரியில் துணியும் போர்வையும் மட்டும். குக்கர் மேலே இருந்தால் மூன்றாவது வளைவில் யார் தலையிலாவது விழும். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுக்கக் கூடாது, சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும். குழந்தைகளுக்கு இது பிடிக்காது, பிடிவாதம் பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். வாந்தி வருகிறவர்களுக்குக் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, ஒரு துண்டு காய்ந்த நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். என் மகளுக்கு மாத்திரையைவிட இதுதான் கேட்கிறது.

வண்டியின் உயரத்தை, கூரைமேல் உள்ள ஏசி, சோலார் பலகை எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளந்து, ஒரு அட்டையில் பெரிதாக எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். தாழ்ந்த மரக்கிளை, கடைக் கூரை, தோட்டத்து வீட்டுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி, இவையெல்லாம் காரில் போனபோது கண்ணில் பட்டிருக்காது.

எந்த வழியாக ஏறுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதை. பர்லியாறு, குன்னூர் வழியாகப் போனால் தூரம் குறைவு, 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியாகப் போனால் ஊட்டிக்குத் தூரம் கூடுதல், ஆனால் கேரவனுக்கு அதுதான் வசதி, சரிவு கொஞ்சம் சாந்தமாக இருக்கும். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், அப்போது நமக்குத் தேர்வு கிடையாது. மற்ற மாதங்களில் கோத்தகிரி வழியாகவே ஏறுங்கள்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஒரு பாதை இருக்கிறது, 36 வளைவுகள். மேப் அதைக் குறுக்குவழி என்று காட்டும். காட்டினாலும் கேரவனோடு அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை, அவ்வளவு உயிர்கள் அங்கே போயிருக்கின்றன.

மேட்டுப்பாளையத்தில் டீசல் நிரப்பி, குளிர்ந்த டயரில் காற்று பார்த்து, காலை ஆறரைக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள். கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள். அந்தப் பாதையில் தினமும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அவர்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும்போது இந்த உரிமை நமக்கு, இறங்கும்போது எதிரே வருகிறவருக்கு.

பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் பழம் தேடி யானைகள் ரோட்டுக்கே வரும். முன்னால் யானை தெரிந்தால் நல்ல தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். அது ரோட்டைக் கடந்து போகும்வரை காத்திருங்கள். நம்மைப் பார்த்து வந்தால் மெதுவாகப் பின்னுக்கு எடுக்க இடம் இருக்க வேண்டும், அதனால் முன்வண்டியின் வாலை ஒட்டி நிற்காதீர்கள்.

இறக்கம்

முதல் பயணத்தில் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். மூன்றாம் கியரில், பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே வந்தேன். கார் ஓட்டிய பழக்கம். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வாசம், கருகிய ரப்பர் மாதிரி, அதை நான் முன்னால் போகும் லாரியுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்துப் பிடித்து, மலைப்பக்கத்து மண்ணில் ஏற்றித்தான் நிறுத்த முடிந்தது. அம்மா பின்னால் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது.

பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் தண்ணீர்க் குடத்தைக் கையில் எடுத்திருந்தேன். "தம்பி, சூட்டுல தண்ணி ஊத்திராதீங்க, வெடிச்சிரும். டயருக்குக் கல்லு வெச்சுட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்க. அப்புறம் எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதுலயே எறங்குங்க" என்றார். இந்தக் கட்டுரையில் அதைவிட முக்கியமான வரி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு டன் எடை வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 20 யூனிட் ஆற்றல். அது முழுக்க எங்காவது சூடாக வெளியேறியாக வேண்டும். தாழ்ந்த கியரில் வந்தால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் வந்தால் நான்கு சக்கரத்தில் இருக்கிற சின்ன பிரேக் கட்டைகள்தான் அத்தனையையும் சுமக்கின்றன. சூடு ஏற ஏற பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும், குமிழை அழுத்தினால் அது சுருங்கும், பிடிப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சானது அதனால்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழசாக ஆக ஆகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரிதான். ஆகவே மலைக்குப் போகும் முன் ஆயிலை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

ஓட்டும் முறை இதுதான்: சரிவு ஆரம்பிக்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும், சரிவில் வந்து மாற்றக் கூடாது. வேகம் கூடினால் நேராக இருக்கிற இடத்தில் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். லேசாக, தொடர்ந்து மிதித்தபடி வருவதுதான் கெடுதல். கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரலிலோ எஞ்சினை அணைத்தோ இறங்குவது என்பதை நினைத்தே பார்க்காதீர்கள், நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பு போய்விடும், எஞ்சினை அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவியும் போய்விடும். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், அனல் அடித்தால் கால் மணி நேரம் நில்லுங்கள். சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்காமல் டயருக்குக் கட்டை வையுங்கள். இரண்டு நல்ல வேப்பங்கட்டைகளை முக்கோணமாக அறுத்து வண்டியிலேயே வைத்திருக்கிறோம்.

மூடுபனி வந்தால் லோபீம், ஃபாக் லேம்ப். ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பத்தடிக்கு மேல் தெரியவில்லை என்றால் வீராப்பு வேண்டாம், ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

ராத்திரி எங்கே நிறுத்துவது

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, ஆள் இல்லாத மலைமுகட்டில் நிறுத்தி நட்சத்திரம் பார்க்கலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசை புரிகிறது, ஆனால் நீலகிரியில் ஆள் இல்லாத இடம் என்றால் அது பெரும்பாலும் காப்புக்காடு, இல்லையென்றால் யாராவது ஒருவருடைய தேயிலைத் தோட்டம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவதும் அடுப்பு மூட்டுவதும் குற்றம். காட்டு விலங்குகள் நடமாடும் வழியில் விடிய விடிய ஒரு வண்டி நின்றால் அவற்றுக்கும் தொல்லை, நமக்கும் ஆபத்து.

நடைமுறையில் சரியாக வருவது, வளாகத்துக்குள் இடம் இருக்கிற ஹோம்ஸ்டே அல்லது விடுதியில் பேசி, வண்டி நிறுத்தக் கட்டணம் கொடுத்துத் தங்குவது. சிலர் ஓர் அறையும் எடுக்கச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள், அம்மா மாதிரி வயதானவர்களுக்கு வெந்நீர்க் குளியல் அங்கேதான். போனில் பேசும்போது கேட் அகலம் எவ்வளவு, ரோட்டிலிருந்து உள்ளே வரும் சரிவு எப்படி, சமதளம் இருக்கிறதா, கழிவு கொட்ட செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறை தருவார்களா என்று கேளுங்கள். உள்ளே வருகிற சரிவைப் பற்றிக் கட்டாயம் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கேரவனுக்குப் பின்பகுதி நீளம், சரிவு சட்டென்று ஏறினால் பின்னால் தரையில் இடிக்கும். இரண்டாவது பயணத்தில் ஒரு விடுதிக்காரர் எல்லா வண்டியும் வரும் என்று சொன்னதை நம்பிப் போய், கேட்டில் மாட்டி, பின் பம்பரை இழந்து, இருட்டில் வேறு இடம் தேடி அலைந்தோம். அதற்குப் பிறகு போட்டோ பார்க்காமல் முன்பணம் அனுப்புவதில்லை.

நான்கு மணிக்குள் நிறுத்திவிடுங்கள். மலையில் வெளிச்சம் சட்டென்று போய்விடும். முகப்பு வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள், ராத்திரி அவசரம் என்றால் அப்படியே எடுக்கலாம். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வண்டித் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், தாழ்ந்த சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்துச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சரிவு மிஞ்சினால் தலை மேட்டுப்பக்கம்.

கோத்தகிரியில் ஒரு சாயங்காலம் வடை சுட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை வெளியே ஆறவைத்திருந்தோம். வீட்டுக்கார அம்மா வந்து மகளிடம், "கண்ணு, அதை உள்ள எடுத்து வெச்சிருங்க, எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும்" என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. விளக்கில் ஊற்றியிருக்கும் எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கிற கரடிகள் அந்தப் பக்கம் உண்டு. சாப்பாட்டுச் சாமான், குப்பைப் பை எதையும் வெளியே வைக்காதீர்கள். காட்டுமாடுகள் பொழுது சாயும்போது தேயிலைக்குள் நிற்கும், பார்க்கச் சாது மாதிரி இருக்கும், கிட்டே போகக் கூடாது. கூரை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனால் குரங்கு உள்ளே இறங்கும்.

படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகள் பக்கம் நிறுத்த வேண்டும் என்றால் ஊர்ப்பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளுக்குள் அழைப்பில்லாமல் நுழையாதீர்கள்.

குளிரும் அடுப்பும்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் கட்டாயம், வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதல். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்மேல் உறைபனி படியும், அந்தக் குளிரில் சிலிண்டரில் கேஸ் மந்தமாக வரும். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் அடுப்பு வைப்பது எதுவும் வேண்டாம். சமையலை வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

குளிர்கிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே வைத்துக் கதவை மூடிப் படுப்பது தற்கொலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். அதற்கு ஓர் அலாரம் வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும், ஆகவே அதற்கான அலாரம் கீழே, தரையை ஒட்டி. தூங்கும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் மூச்சுக்காற்று கண்ணாடியில் வடிந்து மெத்தை ஈரமாவதும் குறையும். நல்ல கம்பளி, காலுக்குச் சாக்ஸ், ஒரு வெந்நீர்ப் பை, இதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சோலாரை நம்பிப் போகாதீர்கள். பனிமூட்டமும் மர நிழலும் பாதி நாளைத் தின்றுவிடும். லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, உறைபனிக் காலையில் வெயில் வந்து உள்ளே கதகதப்பான பிறகு ஏற்றுங்கள்.

கழிவு

இதில் நான் கறார். நீலகிரியில் பெய்கிற மழைதான் பவானியாகவும் மோயாறாகவும் இறங்குகிறது, எங்கள் ஈரோடு மாவட்டத்தில் பலர் குடிப்பதும் வயலுக்குப் பாய்வதும் அந்தத் தண்ணீர்தான். கேரவன் கழிப்பறைத் தொட்டியை வளைவில் நிறுத்தி ஓடையில் திறந்துவிடுகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள், டிரைவர் செய்தால் தடுத்து நிறுத்துங்கள். கழற்றி எடுக்கிற தொட்டியாக இருந்தால் தங்கும் இடத்துக் கழிப்பறையில் அனுமதி கேட்டுக் கொட்டிவிட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுங்கள். ஃபார்மலின் கலந்த மருந்து போடாதீர்கள், செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தொட்டியில் பிடித்து அங்கேயே விடுங்கள், சோப்பை அளவாகப் போடுங்கள்.

சமவெளியில் மூடிய கழிப்பறைத் தொட்டியை மலைமேல் போய்த் திறக்கும்போது கவனம். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும். காற்றுப்போக்கித் திருகை முதலில் மெதுவாகத் திறந்துவிட்டு, அப்புறம் மூடியைத் திறங்கள். ஷாம்பு பாட்டிலுக்கும் தயிர் டப்பாவுக்கும்கூட இதேதான்.

ஐந்து நாள் வழி

மலைமேல் சுற்றும் நாட்களில் ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம், வீடு திரும்பும் கடைசி நாள் மட்டும் விதிவிலக்கு. கோத்தகிரியில் இரண்டு ராத்திரி தங்குங்கள். வண்டியை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸிலோ மினி பஸ்ஸிலோ சுற்றுங்கள், கோடநாடு காட்சிமுனைக்கும் குன்னூருக்கும் அப்படியே போய்வரலாம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் 19 கிலோமீட்டர், அதில் போய்விட்டு பஸ்ஸில் திரும்புங்கள். இவ்வளவு பெரிய வண்டியை ஊட்டி பஜாருக்குள் ஓட்டி, பார்க்கிங் தேடுவதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. உழவர் சந்தையில் கேரட், பீன்ஸ், பட்டாணி வாங்கிக்கொள்ளுங்கள், பேக்கரியில் வர்க்கி. அன்றைய சமையல் அங்கேயே முடிவாகிவிடும்.

மூன்றாம் நாள் தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டியைத் தொட்டு, ஊருக்கு வெளியே தங்கி, நான்காம் நாள் காலை கூடலூர் ரோட்டில் மேற்கே திரும்புங்கள். இந்த 50 கிலோமீட்டருக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஷூட்டிங் மட்டத்துப் புல்வெளி, பைன் காடு, 1930களிலிருந்து மின்சாரம் தரும் பைக்காரா, அதற்கப்புறம் கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரம் பயிரிட்ட பழைய ஊரான நடுவட்டம். நடுவட்டத்தில் தேயிலைச் சரிவின் விளிம்பில் நின்றால் கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும் வயநாட்டு மலைகளும் ஒரே பார்வையில் விரியும். அம்மா அங்கே ஒரு மணி நேரம் நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டையே கொண்டுபோனதால்தான் அது முடிந்தது, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதில்லை, பசித்தால் பின்னால் அடுப்பு இருக்கிறது.

நடுவட்டத்துக்குப் பிறகு கூடலூர் வரை நீளமான இறக்கம், மேலே சொன்ன இரண்டாம் கியர் பாடம் முழுக்க இங்கே வேண்டும். தென்மேற்குப் பருவமழை, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, இந்த மேற்குப் பக்கத்துக்கு வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வடகிழக்குப் பருவமழையில் அடி வாங்குவது குன்னூர், கோத்தகிரிப் பக்கம். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஐந்தாம் நாள் கூடலூரிலிருந்து தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம் என்று ஈரோடு திரும்பலாம். கோவைக்காரர்கள் வேண்டுமானால் ஊட்டிக்கே திரும்பி கோத்தகிரி வழியாக இறங்கலாம். பந்திப்பூர்ப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திம்பத்திலும் இரவுத் தடை உண்டு. இரண்டையும் பகலிலேயே கடக்கிற மாதிரி காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். காட்டுக்குள் எங்கேயும் நிறுத்தாதீர்கள், மான் நின்றாலும் சரி. வாடகை வண்டி என்றால் கர்நாடகத்துக்குள் போகப் பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

திம்பத்தில் 27 வளைவுகள், லாரிகள் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் லாரி முழுதாகத் திரும்பும் வரை மேலேயே நின்று பொறுத்து, பிறகு இறங்குங்கள். கீழே பண்ணாரி வந்ததும் நாங்கள் எப்போதும் நிறுத்துவோம். அம்மா கோயிலுக்குப் போவார், நான் நான்கு சக்கரத்துச் சூட்டையும் புறங்கையால் பார்த்துவிட்டு நட்டுகளை ஒருமுறை இறுக்குவேன். மகள் குப்பைப் பைகளை எண்ணுவாள், மலைக்கு எடுத்துப்போனதில் எதுவும் மேலே தங்கவில்லை என்று பார்க்க. போன முறை மூன்று பை இருந்தது.